கூலியும் கைக்கூலியும்
(ஜுமுஆ பயானின் எழுத்து வடிவம்)



பெருநாளுக்குப் புத்தாடை எடுக்கும்போது நிறம் பார்க்கிறோம், விலை பார்க்கிறோம், ஆண்களின் ஆடையில் பட்டு கலந்துள்ளதா என்றும் பார்க்கிறோம். அதன் நூலை நூற்றவருக்கும், அதைத் தைத்தவருக்கும் கூலி முறையாகச் சென்றதா என்பதை மட்டும் நாம் வினவுவதில்லை.

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் டாக்கா நகருக்கு அருகே, சாவரில், ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முந்தைய நாளே விரிசல் கண்டிருந்தது. அங்கிருந்த வங்கி தன் ஊழியர்களை வரவேண்டாம் என்றது. தையல் தொழிலாளர்களோ வேலைக்கு அழைக்கப்பட்டனர். அது முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு. யாரோ செய்த பாவம் என்று நாம் ஒதுங்க இயலாது.

அவ்வளவு தூரம் போவானேன்? கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்றொன்று நடந்து வந்தது. ஏழைக் குடும்பத்து மணமாகாத பெண்கள், அவர்களுள் பதினெட்டு வயது நிரம்பாதவர்களும் உண்டு, ஆலை விடுதியிலேயே தங்கி மூன்றாண்டு உழைக்க வேண்டும். கையில் கிடைப்பது சிறு தொகை. மீதம் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என மூன்றாண்டு முடிவில் மொத்தமாகத் தரப்படும். பெயரளவில் அவர்கள் பயிற்சியாளர்கள். ஆகவே நிரந்தரத் தொழிலாளியின் உரிமைகள் இல்லை. விடுதி வாசலைத் தாண்ட அனுமதி வேண்டும். இடையில் நோயுற்று வீடு திரும்பிய பலர் அந்த மொத்தத் தொகையை இழந்தனர். 2011-இல் நெதர்லாந்து நாட்டு அமைப்புகள் இரண்டு இதுபற்றி அறிக்கை வெளியிட்டன. கண்டனம் பெருகியதும் ஆலைகள் பல அந்தப் பெயரைக் கைவிட்டன.

உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலி தரவேண்டும் என்பதை நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவர். இங்கோ வியர்வை உலர்ந்து மூன்று ரமலான் கடந்த பின்னரே கூலி! அளவையில் குறைப்போரைக் கண்டித்துத் திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயமே உண்டு. அது தராசுக்கு மட்டும் உரியதன்று. பிறருடைய உழைப்பை நாம் அளக்கும் விதத்துக்கும் உரியது என்றே கொள்கிறோம்.

அத்திட்டத்தின் பெயரைச் சற்றுக் கவனியுங்கள். அப்பெண்கள் எதற்காக அத்தொகையைச் சேர்த்தனர்? வரதட்சணைக்காக. நம் மக்கள் அதனைக் கைக்கூலி என்பர். ஒரு பெண் மூன்றாண்டு நூற்ற கூலி, அப்படியே ஓர் ஆணின் கைக்குப் போய்ச் சேர்வதற்கு எவ்வளவு பொருத்தமான பெயர்! மஹர் கொடுத்து மணமுடிக்க வேண்டிய சமுதாயம் நாம். ஆலை முதலாளியைக் குறை கூறும் நம்மில் எத்தனை பேர் நகையும் ரொக்கமும் பேசாமல் மகனுக்குப் பெண் எடுத்தோம்? இந்தக் கேள்வி பள்ளிவாசல் நிர்வாகத்தாருக்கும் உரியது. கைக்கூலி கேட்கப்படும்வரை, ஆலைக்கு ஆள்பிடிக்கும் தரகர் ஏழை வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டேதான் இருப்பார்.

நம் பக்கத்து அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஏற்றுமதி ஆடை தைக்கப்படுகிறது. அங்கு செல்லும் நம் வீட்டுப் பெண்களிடம் சம்பளச் சீட்டும் வைப்பு நிதி எண்ணும் உள்ளனவா எனக் கேட்டறியுங்கள். தையற்கடை வைத்திருக்கும் ஜமாஅத்தார், பெருநாள் இரவுவரை தைப்போரின் கூலியைத் தொழுகைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். 'பெருநாள் கழியட்டும், பார்க்கலாம்' என்னும் சொல் வேண்டாம்.

நிக்காஹ் தஃப்தரில் மஹரை எழுதுமுன், கைக்கூலி கேட்கப்பட்டதா என்று இரு வீட்டாரிடமும் நாம் இனி வினவவிருக்கிறோம். சபையோர் முன்னிலையில் விடை கூற ஆயத்தமாக வாருங்கள்.