கதவுக்கு வெளியே யார்?

தனி வீட்டில் இருப்பவருக்கு மதில் உண்டு, கேட் உண்டு, நாய்கூட இருக்கலாம். அடுக்குமாடியில் குடியிருப்பவருக்கு இருப்பது ஒரே ஒரு கதவு. அதற்கு அந்தப் பக்கம் உள்ள படிக்கட்டும் நடையும் எல்லோருக்கும் பொது. அந்த ஒற்றைக் கதவைக் காப்பாற்ற மனிதர்கள் என்னென்ன செய்து பார்த்தார்கள் என்பதை அறிய நியூயார்க்கைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது.

முதலில் வந்த தலைவலி கம்பி. கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு கம்பியை நுழைத்து நெம்பினால், எவ்வளவு விலையுயர்ந்த பூட்டாக இருந்தாலும் தாழ் விலகிவிடும். திருடனுக்குச் சாவியே தேவையில்லை. நியூயார்க் போலீஸில் வேலை பார்த்த சாமுவேல் செகல் இதற்கு 1910களில் ஒரு மாற்று கண்டுபிடித்தார். அவருடைய பூட்டில் தாழ் பக்கவாட்டில் நீளாது. நிலையில் பொருத்திய வளையங்களுக்குள் மேலிருந்து கீழே இறங்கிக் கோத்துக்கொள்ளும். நெம்பினாலும் கதவும் நிலையும் பிரியாது.

அடுத்து வந்தது அந்த ஊர்க்காரர்கள் 'போலீஸ் பூட்டு' என்று அழைத்த சாதனம். ஓர் இரும்புத் தண்டின் ஒரு முனை கதவில் உள்ள பூட்டில் மாட்டியிருக்கும், மறுமுனை தரையில் பதித்த குழியில் நிற்கும். வெளியே இருந்து உதைத்தால் அந்த விசை தண்டு வழியாகத் தரைக்குப் போய்விடும்.

இவையெல்லாம் கதவை உடைக்க வருபவனுக்கான பதில்கள். கதவைத் தட்டுபவனை என்ன செய்வது?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டவர் மேரி வான் பிரிட்டன் பிரவுன். நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில் உள்ள ஜமைக்காவில் வசித்த கறுப்பினச் செவிலியர். அவருக்கும் வேலை நேரம் ஒழுங்கில்லை, எலெக்ட்ரானிக்ஸ் தொழில்நுட்பரான கணவர் ஆல்பர்ட்டுக்கும் இல்லை. வீட்டில் தனியாக இருக்கும் இரவுகள் அதிகம்; போலீஸைக் கூப்பிட்டால் வந்து சேரவும் நேரமாகும். 1966இல் இருவரும் சேர்ந்து வீட்டுப் பாதுகாப்புக் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். 1969 டிசம்பர் 2 அன்று அது கிடைத்தது. எண் 34,82,037.

அந்தக் கருவியின் அமைப்பு இன்று பார்த்தாலும் வியப்பூட்டும். கதவில் வெவ்வேறு உயரங்களில் நான்கு துளைகள். உள்பக்கம் ஒரு கேமரா மோட்டாரால் மேலும் கீழும் நகர்ந்து, நெட்டையானவரையும் குழந்தையையும் பார்க்கும். படம் படுக்கையறைத் தொலைக்காட்சியில் தெரியும். ஒலிவாங்கி வழியே வந்தவரிடம் பேசலாம். தெரிந்தவர் என்றால் படுக்கையில் இருந்தபடியே பொத்தானை அழுத்திக் கதவைத் திறக்கலாம். சந்தேகம் என்றால் இன்னொரு பொத்தான் அபாய மணியை ஒலிக்கச் செய்யும். அந்தக் காலக் கேமராவின் பருமனும் விலையும் பெரிது என்பதால் இது கடைக்கு வரவில்லை. ஆனால் பின்னால் வந்த பல காப்புரிமைகள் இதை மேற்கோள் காட்டின. இன்றைய வீடியோ டோர்போன் செய்யும் வேலைகளில் பெரும்பாலானவை அந்த விண்ணப்பத்திலேயே இருக்கின்றன.

1972இல் பேச்சு கதவைத் தாண்டி நடைக்கு வந்தது. ஆஸ்கர் நியூமன் என்ற கட்டடக் கலைஞர் புரூக்ளினில் எதிரெதிரே இருந்த இரண்டு அரசுக் குடியிருப்புகளை ஒப்பிட்டார். மக்கள் நெருக்கம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. பிரவுன்ஸ்வில்லில் கட்டடங்கள் 3 முதல் 6 மாடி. வான் டைக்கில் பெரும்பாலும் 14 மாடி. குற்றங்கள் வான் டைக்கில் கணிசமாக அதிகம். சில குடும்பங்கள் மட்டும் ஒரு வாசலைப் பகிர்ந்தால் யார் வீட்டுக்காரர், யார் வெளியாள் என்பது முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிடும். நூற்றுக்கணக்கானவர் ஒரே லிஃப்டில் ஏறினால் தெரியாது என்பது அவர் வாதம். வறுமையையும் நிர்வாகக் குறைகளையும் விட்டுவிட்டுக் கட்டட அமைப்புக்கு அதிக எடை கொடுக்கிறார் என்று விமர்சகர்கள் மறுத்தார்கள். ஆனாலும் அவருடைய கருத்து பல நாடுகளின் குடியிருப்புத் திட்டங்களுக்குள் நுழைந்தது.

இப்போது சென்னையிலும் பெங்களூருவிலும் உள்ள பெரிய குடியிருப்புகளில் கேட்டிலேயே காவலர் போன் செயலியில் வருபவரின் பெயரைப் பதிந்து, வீட்டுக்காரரின் ஒப்புதல் வந்தபிறகு உள்ளே விடுகிறார். ஆனால் கேட்டைத் தாண்டியவர் எந்த மாடியில் இறங்குகிறார் என்பதைச் செயலி பார்ப்பதில்லை. அதனால்தான் சில சங்கங்கள் ஒவ்வொரு பிளாக்குக்கும் தனியாகப் பூட்டும் இன்டர்காமும் வைக்கின்றன. வாசலைப் பகிர்பவர் எண்ணிக்கையைக் குறைக்கும் நியூமனின் வழி அது.