கட்டினவர் ஒருவர், கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர்



உங்கள் ஊர்க் கோவில் யாருக்குச் சொந்தம்?

‘கர்த்தருக்கு’ என்று அந்தப் பக்கமிருந்து ஒரு அம்மா சொல்கிறார்கள். ஆமென். ஆனால் அம்மா, சார்பதிவாளர் ஆபீசில் கர்த்தர் பேரில் பத்திரம் பதிய மாட்டார்கள். ஆதார் கேட்பார்கள்!

ஒரு வில்லங்கச் சான்றுக்கு மனுப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் உங்கள் சபையின் பேரைத் தேடினாலும் கிடைக்காது. சி.எஸ்.ஐ.டி.ஏ. என்று இருக்கும், தென்னிந்தியத் திருச்சபை டிரஸ்ட் அசோசியேஷன். நம் திருநெல்வேலிப் பக்கம் என்றால் டி.டி.டி.ஏ. அந்த நாலெழுத்தைப் பள்ளிக்கூடப் பலகையில் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். திருநெல்வேலி டயோசிசன் டிரஸ்ட் அசோசியேஷன் என்று அதை விரித்துச் சொல்ல இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

நம் தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் பிறந்தது. அந்தப் பிறப்பை ஒட்டியே சி.எஸ்.ஐ.டி.ஏ. பதிவானது. அது சபை அல்ல, கம்பெனி. லாபத்தைப் பங்கு போடாத, தர்ம காரியத்துக்கான கம்பெனி, ஆனாலும் கம்பெனிதான். ஞானஸ்நானம் எடுத்தால் சபையில் உறுப்பினராகலாம், இந்தக் கம்பெனியில் ஆக முடியாது. அது கொடுக்கிற பவர் பத்திரத்தை வைத்துத்தான் திருமண்டல நிர்வாகம் கையெழுத்துப் போடுகிறது.

இப்படி ஒரு கம்பெனி எதற்கு என்று கேட்டால் நியாயமான பதில் உண்டு. அதை மறைத்துப் பேச நான் வரவில்லை. கோவில் நிலத்தை ஊர்ப் பெரியவர் ஒருவர் பேரில் எழுதி வைத்தால், அவர் கண் மூடியதும் பேரன் வாரிசுச் சான்றோடு வந்து நிற்பான். ஆள் செத்தாலும் சாகாத ஒரு பேர் பத்திரத்துக்கு வேண்டும். அதற்காகத்தான் கம்பெனி. பேரைக் கொடுத்தது சரி. பெட்டிச் சாவியையும் சேர்த்தா கொடுத்தோம்?

இந்த நிலம் எப்படி வந்தது என்று யோசியுங்கள். முதலூரில் 1799-இல் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் நிலம் வாங்கியது, விசுவாசத்துக்காக அடிபட்டு ஓடி வந்தவர்களைக் குடிவைக்க. சாயர்புரத்தின் பேரில் சாயர் என்ற வியாபாரி இருக்கிறார். டோனாவூரின் பேரிலேயே டோனா பிரபு இருக்கிறார். பணம் கொடுத்த துரைமாரின் பேர் ஊராக நிற்கிறது. ஆனால் உலை வைக்கும் முன்னால் கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு, அதை விற்றுக் கோவிலுக்கு ஓடு வாங்கிய பாட்டிமார் பேர் எந்தப் பத்திரத்தில் இருக்கிறது?

கட்டினவருக்கே கட்டினது சொந்தமாகவில்லை என்பதற்கு மிஷனரி ரேனியஸ் ஐயரின் கதையைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பாளையங்கோட்டைக்கு 1820-இல் வந்தார். நாம் பேராலயம் என்று சொல்கிற தூய திரித்துவ ஆலயத்தை 1826-இல் கட்டினார். கிறிஸ்தவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்க தர்ம சங்கம் வைத்தார். ஊர் ஊராக உபதேசியார்களை ஏற்படுத்தினார். அவர் லுத்தரன் வழி வந்த ஜெர்மானியர். சம்பளம் கொடுத்த சி.எம்.எஸ். என்ற மிஷனரிச் சங்கம் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தது. உபதேசியார்களுக்கு யார் குருப்பட்டம் கொடுப்பது என்பதில் தகராறு முளைத்தது. இங்கிலாந்துத் திருச்சபையை விமர்சித்து அவர் எழுதிய எழுத்து எரிகிற நெருப்பில் எண்ணெய் ஆனது. 1835-இல் அந்த மிஷனரிச் சங்கம் அவரை விலக்கியது. கட்டின மனிதர் கட்டினதை விட்டுவிட்டு வெளியேறினார்.

உபதேசியார்கள் பலர் விடவில்லை. திரும்பி வாருங்கள் என்று கெஞ்சினார்கள், வந்தார். அப்புறம் என்ன, சபைகள் இரண்டுபட்டன. 1838-இல் அவர் இறந்தபின் பிரிந்தவர்களில் பெரும்பாலோர் மெல்லச் சங்கத்தோடு ஒட்டிக்கொண்டார்கள். இத்தனை நடந்ததே, அந்தக் கோவில்களில் பாயில் உட்கார்ந்து ஜெபம் பண்ணிய ஜனத்தைக் கூப்பிட்டு, ‘நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?’ என்று கேட்ட கமிட்டி உண்டா? கமிட்டி மாறிவிட்டது ஐயா. கேட்காத பழக்கம் மட்டும் நம் கையில் பத்திரமாக இருக்கிறது.

இன்று நிர்வாகத்தாரிடம் கேட்டால், ‘சொத்து எங்கள் பேரில் இருக்கிறது, நீ யார் கேட்க?’ என்பார்கள். பேரில் இருக்கிறவர் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். டிரஸ்டி, பிறர் பொருளைக் காப்பவர். உடனே, ‘சிறுபான்மையினர் உரிமை, அரசியல் சட்டம் 26-ஆவது பிரிவு’ என்பார்கள். அதை நானும் படித்திருக்கிறேன். சொத்து வைத்துக்கொள்ளவும் வாங்கவும் சமயப் பிரிவுக்கு உரிமை உண்டு என்கிறது ஓர் உட்பிரிவு. அதற்கு அடுத்த உட்பிரிவு, அந்தச் சொத்தைச் சட்டப்படி நிர்வகிக்க உரிமை உண்டு என்கிறது. முதல் வரியை மேடையில் முழங்குகிறவர்கள் இரண்டாவது வரிக்கு வரும்போது மட்டும் ஏன் இருமுகிறார்கள்?

அதற்காக அறநிலையத் துறைபோல ஒரு துறை வைத்துக் கோட்டையிலிருந்து அதிகாரியை அனுப்புங்கள் என்று கேட்கிற கூட்டம் இது அல்ல. அப்படிக் கேட்பவர்களுக்கு என் கை தட்டாது. பேராயரிடமிருந்து சாவியை வாங்கி அமைச்சரிடம் கொடுப்பதில் சபையாருக்கு என்ன லாபம்?

ஆனால் ஒன்று. நாமே ஒழுங்கு செய்யாவிட்டால் நீதிமன்றம் செய்யும். பக்கத்துக் கேரளத்தில் ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய என்று இரு பிரிவு. மலங்கரைத் திருச்சபையின் கோவில்கள் அந்தத் திருச்சபையின் 1934 சட்ட அமைப்பின்படியே நடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 ஜூலையில் தீர்ப்புச் சொன்னது. பல இடங்களில் எண்ணிக்கையில் அதிகமாக இருந்த பிரிவின் கையைவிட்டுக் கோவில் போனது. காயங்குளம் பக்கம் கட்டச்சிறையில் ஒரு மூதாட்டியின் உடல் குடும்பக் கல்லறைக்குப் போக ஒரு மாதத்துக்கு மேல் காத்துக் கிடந்தது. பிணத்தை அடக்கம் பண்ண 2020-இல் அங்கே தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. பத்திரத்தில் யார் பேர் என்பது நமக்கெதற்கு என்று நினைக்கிறவர்கள், அம்மா அப்பாவைப் படுக்க வைத்திருக்கிற கல்லறைத் தோட்டம் யார் பேரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

நம்மிடம் ஆயுதம் இல்லாமல் இல்லை. கம்பெனி பதிவாளரிடம் தாக்கலான கணக்கைக் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-ஆவது பிரிவில், பொது டிரஸ்ட்டில் அக்கறை உள்ள இரண்டு பேர் நீதிமன்ற அனுமதி பெற்று வழக்குப் போடலாம். இரண்டே பேர்! அசன சாப்பாட்டுக்கு எத்தனை ஆயிரம் பேர் வருகிறோம்?

வழக்குக்கு முன்னால் திருமண்டலப் பெருமன்றத்துக்குப் போவோம். தீர்மானத்தை வாசிக்கிறேன். சபையின் மூலப்பத்திரம், பட்டா நகல்களைச் சேகர அலுவலகத்தில் யாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். விற்பனையோ நீண்டகாலக் குத்தகையோ, அந்தச் சபையின் பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்பு நடக்காமல் செல்லாது. அப்படி வருகிற பணம் எந்தக் கணக்கில் ஏறியது என்று அதே சபையில் எழுத்தாகச் சொல்ல வேண்டும். முன்மொழிகிறேன். வழிமொழிகிறவர் எழுந்து பேரும் சபையும் சொல்லுங்கள். குருவானவர்களே, உங்களுக்கும் வாக்கு உண்டு; கையைத் தூக்குங்கள்.