டீத்தூள் பாக்கெட்டும் தண்ணி பாட்டிலும்: பிரச்சினையை எப்படிக் கேட்பது?

(குன்னூரில் கல்லூரி மாணவர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர் முன்னிலையில் பேசியதன் எழுத்து வடிவம்)



பிளாஸ்டிக் தடையைப் பற்றி இந்த மாவட்டத்து மக்களுக்கு நான் வந்து விளக்க வேண்டியதில்லை. 14 வகை ஒருமுறை பயன்பாட்டு பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாடு முழுவதும் தடை வந்தது 2019 ஜனவரி 1-ல். நீலகிரியிலோ 2000-களின் தொடக்கத்திலேயே, சுப்ரியா சாகு ஆட்சியராக இருந்தபோது, ‘ஆபரேஷன் ப்ளூ மவுண்டன்’ என்ற பெயரில் கேரி பேக்கை நிறுத்தும் வேலை ஆரம்பித்துவிட்டது. அதனால் இன்னிக்குத் தடையைப் பற்றிப் பேசல. தடை போட்ட பிறகும் மிச்சம் இருக்கிற சிக்கல்களை எப்படி அணுகறது, அதுக்குன்னு ஒரு முறை இருக்கா? அதைத்தான் பேசப் போறேன்.

இருக்கு. அதுக்குப் பெயர் ட்ரிஸ். ‘கண்டுபிடிப்புச் சிக்கல்களைத் தீர்க்கும் கோட்பாடு’ என்பதன் ரஷ்யச் சுருக்கம். 1946 வாக்கில் சோவியத் கடற்படையின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்த கென்ரிக் ஆல்ட்ஷுல்லர் என்ற இளைஞர் இதைத் தொடங்கினார். அப்போ அவருக்கு வயசு 20 தான். ஆயிரக்கணக்கான காப்புரிமைகளைப் படிக்கப் படிக்க அவருக்கு ஒண்ணு புரிஞ்சுது. நல்ல கண்டுபிடிப்பு எல்லாமே ஒரு முரண்பாட்டை உடைச்சிருக்கு. ஒண்ணைச் சரி செய்யப் போனா இன்னொண்ணு கெட்டுப்போகும். சாதாரணமா நாம ரெண்டுக்கும் நடுவுல சமரசம் பண்ணிக்குவோம். நல்ல கண்டுபிடிப்பாளர் சமரசம் பண்ணிக்கல. அப்படி முரண்பாட்டை உடைக்கும் வழிகளை அவர் 40 கொள்கைகளாகத் தொகுத்தார். இடையில் ஸ்டாலின் காலத்து முகாமில் சிறைவாசமும் இருந்தார், அது தனிக் கதை.

சமரசம் என்ன பண்ணும்னு கேரி பேக்கை வெச்சே பார்க்கலாம். செலவு குறையணும், பிளாஸ்டிக்கும் குறைவா இருக்கணும்னு பையை மெல்லிசாக்கினாங்க. ஆனா மெல்லிய பை சீக்கிரம் கிழியும், காத்துல பறக்கும். கிலோ கணக்குல சேர்க்கறதுக்கு எத்தனையோ பை பொறுக்கணும் என்பதால் பழைய பொருள் எடுக்கிறவங்களும் அதைத் தொடமாட்டாங்க. அப்படியே கிடந்து ஓடைக்குப் போகும். மத்திய அரசு விதி குறைந்தபட்சத் தடிமனை 75 மைக்ரான், அப்புறம் 120 மைக்ரான் என்று ஏத்தினதுக்கு இதுவும் ஒரு காரணம். தமிழ்நாட்டில் தடிமன் எதுவானாலும் தடைதான்.

நம்ம மாநிலத்திலேயே ஒரு அருமையான உதாரணம் இருக்கு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றவர். கழிவு பிளாஸ்டிக்கில் சாலை போடும் முறையைக் கொண்டுவந்தவர். அவர் ட்ரிஸ் படிச்சுட்டுத்தான் இதைச் செய்தார்னு நான் சொல்ல வரல. ஆனா அவர் செய்ததை ட்ரிஸ் கண்ணாடி போட்டுப் பார்த்தா பளிச்சுனு தெரியும்.

பிளாஸ்டிக்கைத் தாரோடு கலந்து பார்க்கிற முயற்சி உலகத்தில் முன்னாடியே இருந்தது. அதில் ஒரு தொல்லை. கொஞ்சமா போட்டா பெரிசா பலன் இல்லை, நிறையப் போட்டா தாரும் பிளாஸ்டிக்கும் தனித்தனியாப் பிரிஞ்சுடும். எவ்வளவு கலக்கணும் என்ற கேள்வியிலேயே நின்னிருந்தா வேலை அங்கேயே முடிஞ்சிருக்கும். வாசுதேவன் பிளாஸ்டிக்கின் இடத்தை மாத்தினார். தாரில் கலக்காமல், ஜல்லியின் மேல் பூசினார். ஜல்லியைச் சுமார் 160 முதல் 170 டிகிரி வரை சூடாக்கி, துண்டாக்கின பிளாஸ்டிக்கைத் தூவினால் அரை நிமிஷத்தில் உருகி, கல்லைச் சுத்தி மெல்லிய தோல் மாதிரி ஒட்டிக்கும். அதன் மேல் தார். கல்லுக்குள்ளே தண்ணி இறங்காது, தாரும் கெட்டியாப் பிடிச்சுக்கும். தார்ச்சாலைக்கு முதல் எதிரியே தண்ணிதான், அது மலைப்பாதையில போறவங்களுக்கு நல்லாத் தெரியும். மக்காது என்பது குப்பைமேட்டில் குற்றம், சாலையில் தகுதி. ‘கெடுதலை நன்மையாக்கு’ என்பது ஆல்ட்ஷுல்லர் பட்டியலில் 22-வது கொள்கை.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்லணும். பி.வி.சி. இதுக்கு ஆகாது, சூடாக்கினால் நச்சுப்புகை. இந்திய சாலை காங்கிரஸ் 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதை விலக்கி வெச்சிருக்கு. எந்தக் கழிவையும் கொட்டி ரோடு போடலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

சரி, இனி மலைக்கு வருவோம்.

சுற்றுலாப் பயணிக்குத் தாகம் எடுக்கிற இடத்தில் தண்ணி வேணும். அஞ்சு நிமிஷம் கழிச்சு அந்த பாட்டில் வேண்டாம். வேணும், வேண்டாம், ரெண்டும் உண்மை. இந்த மாதிரி முரண்பாட்டுக்கு ட்ரிஸ் தர்ற வழி: ரெண்டையும் பிரி. நேரத்தால பிரி, இடத்தால பிரி, இல்லேன்னா நிபந்தனையால பிரி. உயர் நீதிமன்ற உத்தரவுகளை ஒட்டி இங்கே சின்ன தண்ணி பாட்டில்களுக்குத் தடை வந்தபோது, கூடவே வாட்டர் ஏடிஎம் வந்தது. பாட்டிலை மலை ஏத்துறதுக்குப் பதிலா, தண்ணி மட்டும் அந்தந்த இடத்தில் கிடைக்குது. பாத்திரம் பயணியோட வேலை. 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் எடுத்துத்தான் வர்றாங்க. வெளியூர் உறவினர் போனில் இ-பாஸ் பதியும்போதே, ‘ஒரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துட்டு வாங்க’ என்று சொல்லுங்க.

இன்னொரு பாட்டில் கண்ணாடியில் வருது. மதுபாட்டில். உடைந்த சில்லு யானையின் காலில் ஏறுது, காட்டுமாட்டைக் கிழிக்குது, தோட்டத் தொழிலாளி கையைக் கிழிக்குது. 2022 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னபடி நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். பாட்டிலில் ஒரு மாற்றமும் இல்லை. காலியான அந்த நிமிஷத்தில் அதுக்கு விலை வந்துடுச்சு, அவ்வளவுதான். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் போனது. கடை ஊழியர்களுக்கு வேலை கூடியது, அடுக்கி வைக்க இடம் போதவில்லை என்ற குறையும் வந்தது. அது நியாயமான குறை. ஒரு முரண்பாட்டை உடைச்சா அடுத்தது எங்கே தலை தூக்குதுன்னு பார்க்கணும், இல்லேன்னா சுமை வேற யாரோ தோளுக்குப் போயிடும்.

இப்போ நம்ம ஊர்ச் சரக்குக்கு வருவோம். டீத்தூள் பாக்கெட்.

ஃபேக்டரி டிரையரில் இருந்து வெளியே வரும்போது டீத்தூளில் ஈரம் சுமார் 3 சதவீதம்தான். மூடுபனியில் திறந்து வெச்சா ஈரத்தை இழுத்து, மணம் போயிடும். அதனால பாக்கெட்டை அடுக்கடுக்காச் செய்றாங்க. வெளியே அச்சடிக்க பாலியஸ்டர், நடுவில் காத்தையும் வெளிச்சத்தையும் தடுக்க உலோகப் படலம், உள்ளே சூட்டில் ஒட்ட பாலித்தீன். கடையில் இருக்கும்வரை மூணும் பிரியவே கூடாது. காலியான பிறகு பிரிஞ்சாகணும், இல்லேன்னா மறுசுழற்சி பண்ண முடியாது. இப்போதைக்குப் பிரியறதில்லை. ஓடையில் விழுந்தா குன்னூர் ஆறு, பவானி என்று இறங்கிப் போகும். கீழே குடிக்கிறவங்களும் நம்ம ஜனங்கதான்.

பிளாஸ்டிக் பொறியாளர்கள் இதுக்கு ஒரு பக்கம் வழி தேடுறாங்க. எல்லா அடுக்கையும் ஒரே குடும்பத்து பிளாஸ்டிக்கில் செய்தா பிரிக்கவே வேண்டாம், மொத்தமா உருக்கிடலாம். காத்தைத் தடுக்கிற திறனை அதில் கொண்டுவர்றதுதான் கஷ்டம். இந்தத் துறையில் ஆர்வம் உள்ள மாணவர்களுக்கு ஒரு தகவல்: சென்னை கிண்டியில் 1968-ல் தொடங்கின சிப்பெட் இதுக்கான மத்திய அரசு நிறுவனம்.

ஆல்ட்ஷுல்லர் இன்னொரு கேள்வியும் கேட்கச் சொல்வார். பொருளே இல்லாமல் அதன் வேலை மட்டும் நடக்குமா? யோசிச்சுப் பாருங்க. ஃபேக்டரியில் இருந்து ஏலத்துக்கு டீத்தூள் பெரிய காகிதச் சாக்கில்தான் போகுது. சின்ன பாக்கெட் கடைசிக் கட்டத்தில்தான் வருது. மாசக்கணக்கில், எங்கேயோ ஒரு கடை அலமாரியில் காத்திருக்கணும் என்பதற்காக. குன்னூரிலோ ஃபேக்டரிக்கும் வாங்குறவருக்கும் நடுவில் தூரமே இல்லை. கால் கிலோ வாங்கிட்டுப் போய் ரெண்டு வாரத்தில் குடிச்சு முடிக்கிறவருக்கு அந்த மூணு அடுக்கு எதுக்கு? மூடி இறுகின ஒரு டின் போதாதா? டின் கொண்டுவந்தா விலையில் கொஞ்சம் குறைவு என்று ஒரு கடை வெச்சா எப்படி இருக்கும்? இது என் யோசனை மட்டுமே. கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியது இங்கே உட்கார்ந்திருக்கிற குழுவினர்.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பயிற்சி. கொழுந்து பறிக்கும் அக்காக்கள் இடுப்பில் கட்டுற பிளாஸ்டிக் ஷீட்டை எல்லோரும் பார்த்திருக்கோம். ஈரச்செடி உரசி உடம்பு நனையக் கூடாது. ஆனா உள்ளே வேர்க்குது, அந்த ஈரம் வெளியே போகணும். தண்ணியைத் தடுக்கணும், தண்ணியை விடணும். நேரமா, இடமா, நிபந்தனையா, எதை வெச்சுப் பிரிப்பீங்க? தினமும் அதைக் கட்டுறவங்க சிலர் இந்த அறையிலேயே இருக்காங்க. அவங்களை முதலில் பேச விட்டு, மாணவர்கள் எழுதிக்கோங்க.