எது நம் ஊர்?

(தோட்டத் தொழிலாளர் குடும்பக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)

இக்கூட்டத்திற்கு வந்திருப்போரில் பலர் சிலாங்கூரில் பிறந்தவர்கள் அல்லர். நம்மில் ஒருவரை நிறுத்தி, "எந்த ஊர்?" என்று கேட்டால், இப்போது குடியிருக்கும் கிள்ளானையோ பூச்சோங்கையோ நாம் சொல்வதில்லை. "கெடா, கூலிம் பக்கம்" என்கிறோம். "பேராக், சுங்கை சிப்புட்" என்கிறோம். மாநிலம் மாறி வந்து 20 ஆண்டு, 30 ஆண்டு ஆகியும் வாய் பழைய ஊரைத்தான் சொல்கிறது. தீபாவளி வந்தால் மனம் வடக்கே ஓடுகிறது. தோட்டத்து மாரியம்மனுக்குத் திருவிழா என்று செய்தி வந்தால், லீவு கிடைக்குமா என்று கணக்குப் போடுகிறோம்.

ஆனால், அங்கே போய்ப் பார்த்தால் என்ன இருக்கிறது? லயம் இல்லை, பிரட்டுக் களம் இல்லை, பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது, செம்பனையும் போய், வீடமைப்புத் திட்டத்தின் பலகை நிற்கும் இடங்களும் உண்டு. கோயில் மட்டும் நிற்கிறது. சில இடங்களில் அதுவும் இடம் மாறிவிட்டது. அப்படியிருந்தும் நம்மை இழுப்பது எது? அதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறோம்.

தோழர்களே! ஊரை விட்டு வருவது நமக்குப் புதிதல்ல. நம் பாட்டன்மார் திருச்சி, தஞ்சை, சேலம், ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணியின் வார்த்தையை நம்பிப் புறப்பட்டார்கள். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் டிப்போவில் காத்திருந்து, கப்பலின் கீழ்த்தட்டில் பயணம் செய்து, பினாங்கு வந்ததும் ஜெரஜாக் தீவில் தொற்று நோய்க்காகத் தடுத்து வைக்கப்பட்டு, பிறகுதான் இந்த மண்ணில் கால் வைத்தார்கள். நான்கு ஐந்து வருஷம் உழைத்துக் கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு, அடமானம் வைத்த நிலத்தை மீட்கலாம் என்பதே அவர்கள் எண்ணம். இங்கேயே மண்ணாகிப் போவோம் என்று நினைத்துக் கப்பல் ஏறியவர் அரிது.

ஊருக்குத் திரும்ப வேண்டும் என்ற அந்த ஆசை அவர்களுடைய சொந்த ஆசை. ஆனால் அதனால் லாபம் அடைந்தவர்கள் வேறு பேர்! ரப்பர் விலை ஏறியபோது, "ஆள் வேண்டும், ஆள் வேண்டும்" என்று கப்பல் கப்பலாக அழைத்தார்கள். 1930-ல் உலகமெங்கும் பொருளாதார மந்தம் வந்து ரப்பர் விலை விழுந்தது. உடனே, "உங்கள் ஊருக்குப் போங்கள்" என்று கப்பல் ஏற்றிவிட்டார்கள். மூன்று ஆண்டுகளில் இப்படிப் போனவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். விலை ஏறியதும் மறுபடியும் அழைப்பு! வேலை இல்லாத காலத்தில் தொழிலாளிக்குச் சோறு போடும் பொறுப்பு முதலாளிக்கு இல்லை. அது எங்கேயோ இருக்கும் கிராமத்தின் தலையில் விழுந்தது. "அவனுக்குத்தான் ஊர் இருக்கிறதே" என்ற ஒரு சொல்லே குறைந்த கூலிக்கும், ஓட்டை லயத்துக்கும் நியாயமாகக் காட்டப்பட்டது.

1938-ல் இந்திய அரசாங்கம், உதவிப் பயணத்தில் தொழிலாளர் மலாயாவுக்கு வருவதைத் தடை செய்தது. பிறகு ஜப்பானியர் ஆட்சி வந்தது. நம்மவர் பல்லாயிரம் பேர் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். போனவர்களில் மிகப் பலர் எந்த ஊருக்கும் திரும்பவில்லை. யுத்தம் முடிந்து கடிதம் போடவும் பணம் அனுப்பவும் வழி திறந்தபோது, அக்கரையில் பெற்றோர் காலமாகியிருந்தார்கள். இக்கரையில் பிள்ளைகள் வளர்ந்திருந்தார்கள். சொல்லிக்கொள்ளாமலே ஊர் மாறிவிட்டது!

ஆனால் மனம் மாறச் சற்று நாள் பிடித்தது. அதற்குக் கொடுத்த விலையைத்தான் நாம் மறக்கலாகாது. 1957-ல் நாடு சுதந்திரம் அடைந்தது. பிரஜாவுரிமைக்கு மனுச் செய்யச் சொல்லிச் சங்கங்கள் தோட்டந்தோட்டமாகச் சென்றன. எழுதப் படிக்கத் தெரியாமை, பிறந்த சூரை இல்லாமை, மொழிப் பரீட்சை பற்றிய பயம் ஆகிய தடைகள் எத்தனையோ இருந்தன. அவற்றோடு, "இன்றில்லாவிட்டால் நாளை ஊருக்குப் போகிறவன்தானே, எனக்கு எதற்குக் காகிதம்?" என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டது. 1968-ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பிரஜை அல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற நிலை 1969-ல் ஏற்பட்டது. அதைத் தொடர்ந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறிய தோட்டத் தொழிலாளரும் குடும்பத்தாரும் சுமார் 60,000 பேர் என்று கணக்கிடுகிறார்கள்.

அவர்களில் பாதி ஆயுளுக்கு மேல் பால்மரத்தடியில் கழித்தவர்கள் உண்டு. இங்கேயே பிறந்து, அந்த ஊரைக் கண்ணாலும் பார்க்காத பிள்ளைகள் உண்டு. மலாயாவில் இருந்தபோது தஞ்சாவூரை நினைத்து ஏங்கியவர், தஞ்சாவூர் போனபின் மலாயாவை நினைத்து ஏங்கினார். அங்கே அவர் மலாயாக்காரர். இங்கே அவர் இந்தியாக்காரர். இரண்டு ஊரும் மனத்தில் இருந்தன. இரண்டிலும் பாத்தியதை இல்லை. தோழர்களே, ஏக்கம் வேறு, பாத்தியதை வேறு. இந்த வித்தியாசத்தை நாம் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இனி இரண்டாவது பயணத்துக்கு வருவோம். கடலைக் கடக்காத பயணம் இது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. வாங்கியவர் தம் ஆளை வைத்துக்கொண்டார். பழைய தொழிலாளி வெளியே நின்றார். பிறகு பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள்; முன்போல் அத்தனை கைகள் தேவைப்படவில்லை. அதற்கும் பிறகு பட்டணம் தோட்டத்தைத் தேடி வந்தது. நிலத்தின் விலை மரத்தின் விலையைத் தாண்டியது. இப்படியாக ஒவ்வொரு தலைமுறையிலும் லோரியில் சாமான் ஏற்றிக்கொண்டு, கெடாவையும் பேராக்கையும் நெகிரி செம்பிலானையும் விட்டு நாம் வந்துகொண்டே இருந்தோம்.

ஏன் வந்தோம்? வேலை போயிற்று என்பதால் மட்டுமா? வேலை போனதும் வீடு போயிற்று! லயத்து வீடு நம்முடையது அல்ல. வேலையோடு ஒட்டிய வீடு அது. 40 வருஷம் பால் வெட்டியவருக்கு 55 வயது ஆனபோது, பிரட்டில் பேர் எடுபட்ட நாளே வீட்டைப் பற்றிய கவலையும் தொடங்கியது. மகனோ மருமகளோ தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால் மூலையில் ஓர் இடம், இல்லாவிட்டால் வெளியே. ஊர் என்றால் என்ன? உழைக்க முடியாமற் போன பின்னும் இருக்க இடம் தருவது ஊர். அந்தக் கணக்கில், தோட்டம் நமக்கு ஊராக இருந்தும் ஊராக இல்லாமற் போயிற்று.

ஆகவே நம் இளைஞர் சிலர், "அடிமை வாழ்வு வாழ்ந்த இடம் அது, நினைப்பானேன்?" என்கிறார்கள். பெரியவர்கள் சிலரோ, "அது பொற்காலம், கதவைப் பூட்டாமல் தூங்கினோம்" என்கிறார்கள். இரண்டும் அரை உண்மை.

விடியுமுன் எழுந்து, பிரட்டுக்கு ஓடி, கொசுக்கடியில் நிரை பிடித்து, மழை வந்தால் அன்றைய சம்பளத்தை இழந்த வாழ்வில் பொன் எங்கே இருந்தது? ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு மரத்துக்கு மரம் ஓடிய தாய்மாரைக் கேளுங்கள், சொல்வார்கள். ஆனால், ஒரு வீட்டில் சாவு என்றால் எல்லா வீட்டு அடுப்பும் அணைந்ததே, அது பொய்யா? ஆளுக்கொரு வெள்ளி போட்டுக் கோயில் கட்டினோம். தமிழ்ப்பள்ளிக்குப் பலகை சுமந்தோம். பயந்து பயந்து சங்கத்தில் பேர் கொடுத்தோம். துரை கொடுத்தவையல்ல இவை, நாமே உண்டாக்கியவை. நம்மைத் திரும்ப இழுப்பது லயத்துக் கூரை அல்ல. நாம் ஒருவரோடொருவர் சேர்ந்து நின்ற அந்த நிலைதான். அதைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வந்தோம் என்பதால்தான், அடுக்குமாடி வீட்டில் அடுத்த கதவுக்காரர் பேர் தெரியாமல் ஏங்குகிறோம்.

ஏங்கி நின்றால் போதாது. செய்ய வேண்டிய காரியங்கள் சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, சொந்த வீடு. தோட்டத் துண்டாடல் நடந்த காலத்தில், 1960-ல், துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்கைத் தவணையில் கட்டிய தொழிலாளரின் பணத்தில், கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் முதலாவதாக வாங்கப்பட்டது. தனி ஆளால் ஒரு மரம் வாங்க முடியாது. சேர்ந்தால் தோட்டமே வாங்கலாம் என்று காட்டிய பாடம் அது. இன்னும் தோட்டத்தில் இருக்கும் குடும்பங்கள் வேலை நிற்கும் நாள் வரை காத்திருக்க வேண்டாம். தோட்டம் கைமாறுகிறது என்ற பேச்சு எழுந்த அன்றே சங்கத்துக்கு வாருங்கள். வீட்டுக்குப் பதில் வீடு என்ற கோரிக்கையை, எல்லோரும் வெளியேறிய பிறகு யாருக்காகக் கேட்பது?

இரண்டாவது, காகிதம். 1969 நமக்குக் கற்பித்தது இது. பிறந்த சூரை, அடையாளக் கார்டு, சேமநிதிக் கணக்கு ஆகியவற்றை ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள். 2021 டிசம்பர் முதல் 18 வயது நிறைந்த பிரஜைகள் தாமாகவே வாக்காளராகப் பதிவாகிறார்கள். அப்படிப் பதிவாகும்போது கார்டில் உள்ள முகவரியே தொகுதியைத் தீர்மானிக்கிறது. இடிந்துபோன லயத்தின் முகவரியைப் பலர் இன்னும் கார்டில் சுமந்துகொண்டிருக்கிறார்கள். கடிதம் சேராது, ஓட்டுப் போட நெடுந்தூரம் போக வேண்டும். எந்த ஊரின் சாலைக்கும் பள்ளிக்கும் நீங்கள் குரல் கொடுக்கப் போகிறீர்களோ, அந்த ஊரைக் கார்டில் எழுதுங்கள்.

மூன்றாவது, பழைய ஊரோடு உள்ள தொடர்பு. திருவிழாவுக்குப் போகிறவர்கள் போங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். ஆனால் விபூதி வாங்கிக்கொண்டு மட்டும் திரும்பாதீர்கள். கோயில் நிலமும் சுடுகாடும் யார் பேரில் இருக்கின்றன என்று விசாரியுங்கள். பள்ளியில் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று கேளுங்கள். தோட்டத்தில் மிஞ்சியிருக்கும் பெரியவர்களிடம் உட்கார்ந்து, யார் எங்கிருந்து வந்தார், எந்த நிரையில் வெட்டினார், எங்கே அடக்கமானார் என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்தப் பெரியவரும் போய்விட்டால், நம் ஊருக்குச் சாட்சி சொல்ல ஆள் இராது.

தோழர்களே! நம் பாட்டனார் ஒரு மாகாணத்தை விட்டு வந்தார். நாம் ஒரு மாநிலத்தை விட்டு வந்தோம். நம் பிள்ளைகளும் பிழைப்புக்காக எங்காவது போவார்கள். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் அவர்கள் திரும்பி வந்து தட்டுவதற்கு நம் பேரில் ஒரு கதவு இருக்க வேண்டும். "வேலை இல்லையானால் வெளியே போ" என்று யாரும் சொல்ல முடியாத கதவாக அது இருக்க வேண்டும். அதை ஒருவர் தனியாகச் செய்ய முடியாது, ஒன்றுபட்டால் முடியும்.