கொடிநாள் உண்டியலுக்கு முன் ஒரு பாடம்
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் டிசம்பர் 7 அன்று கொடியைக் கொடுத்து, காசை வாங்கி, கணக்கை முடித்துவிடுவேன். ஒருமுறை ஒரு மாணவன், "டீச்சர், இந்தக் காசு யாருக்குப் போகுதுங்க?" என்றான். "பாவம், கஷ்டப்படுற பட்டாளத்துக் குடும்பங்களுக்கு" என்றேன். படைப்பணியில் அப்பாவை இழந்த மாணவி ஒருத்தி அதே வகுப்பில் இருந்தாள். தலைகுனிந்துகொண்டாள். என் சொல் தவறு என்று அப்போதுதான் உறைத்தது.

1949-இல் கொடிநாள் தொடங்கியபோது கொண்ட நோக்கங்கள் மூன்று: போரில் உயிர்நீத்தோர் குடும்பங்களுக்கும் உறுப்பிழந்தோருக்கும் மறுவாழ்வு, பணியிலுள்ள வீரர்கள், அவர்கள் குடும்பத்தினர் நலன், முன்னாள் படைவீரர் நலன். படை இளமையாக இருக்க வேண்டும் என்பதால் பல வீரர்கள் என் வயதுக்குள்ளேயே ஓய்வு பெற்றுவிடுகிறார்கள். பிள்ளைகள் படிக்கும் காலம் அது. ஆகவே நாம் தருவது தானமல்ல, பட்ட கடன்.

அவர்களும் ஓய்வுக்குப் பின் சும்மா இருப்பதில்லை. சுண்ணாம்புக்கல் வெட்டி மொட்டையான முசோரி மலைகளைப் பசுமையாக்கியது, 1982-இல் முன்னாள் வீரர்களைக் கொண்டு அமைத்த சுற்றுச்சூழல் பட்டாளம். வெள்ளைக்கல் குன்றுகளைப் பார்த்து வளரும் சேலத்துப் பிள்ளைகளுக்கு இந்த உழைப்பின் அருமை எளிதில் புரியும்.

இப்போதெல்லாம் எங்கள் பள்ளியில் உண்டியலுக்கு முன் ஊரிலுள்ள முன்னாள் படைவீரர் ஒருவர் காலை வணக்கக் கூட்டத்தில் பேசுகிறார். கொடியின் சிவப்பு தரைப்படை, கருநீலம் கடற்படை, வெளிர்நீலம் விமானப்படை என்று விளக்குகிறார். சென்ற முறை கொடிகளைக் கொடுத்தவள் அந்த மாணவிதான். நிமிர்ந்து நின்றாள்.

உங்கள் பள்ளியிலும் செய்து பாருங்கள்.