எட்ட நின்று காண்பதும் கிட்ட நின்று காண்பதும்

எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையே, 1921ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தின் எதிர்ச் சரிவில் நின்று, பதுளை செல்லும் புகையிரதத்தின் வரவுக்காகக் காத்திருப்போரை எந்த நாளிலும் காணலாம். அவர்களுட் பெரும்பாலோர் கையில் இருப்பது கைத்தொலைபேசியே. எனினும் கூட்டத்தின் நடுவே, தோளில் கமரா தொங்க நிற்கும் தோட்டத்து இளைஞர் ஓரிருவரும் இல்லாமற் போவதில்லை. பசறையிலிருந்தும் ஹாலிஎலயிலிருந்தும் அப்புத்தளையிலிருந்தும் வரும் இவ்விளைஞர்களுக்குப் படம் பிடித்தல் பொழுதுபோக்கு மட்டுமன்று; கலியாணமும் சடங்கும் கோயில் திருவிழாவும் பதிந்து கொடுத்து வாழ வழி உண்டா என்று பார்க்கும் முயற்சியும் ஆகும். வீட்டார் கொழுந்து பறித்துச் சேர்த்த பணத்தில் வாங்கக்கூடியது ஒரே ஒரு கமரா. அதுவும் பிறர் கைப்பட்ட பழைய கமரா. எதை வாங்குவது என்பதே கேள்வி.

கடைக்காரர் அவர்கள் முன் வைப்பன பெரும்பாலும் இரண்டு. ஒன்று, நெடுந்தூரத்தை இழுத்துக் காட்டும் பிரிட்ஜ் கமரா. மற்றையது, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பெருவிலை பெற்றிருந்து, இன்று விலை சரிந்து கிடக்கும் டி.எஸ்.எல்.ஆர். கமரா. பிரிட்ஜ் என்ற பெயருக்கும் தெமோதரைப் பாலத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு கமராவுக்கும், வில்லையைக் கழற்றி மாற்றக்கூடிய பெரிய கமராவுக்கும் நடுவே பாலம் போல நிற்பதால் வந்த பெயர் அது.

பேச்சு வெறும் பொதுமையாய்ப் போகாதிருக்க, இரு வகைக்கும் ஒவ்வோர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நிக்கோன் நிறுவனம் 2015இல் வெளியிட்ட பி 900 என்னும் பிரிட்ஜ் கமரா ஒன்று; அதே நிறுவனம் 2008இல் வெளியிட்ட டி 90 மற்றையது. முன்னையதன் வில்லை 83 மடங்கு சூம் உடையது. பழைய பிலிம் கமராவின் கணக்கிற் சொன்னால், 24 மில்லிமீற்றரில் தொடங்கி 2000 மில்லிமீற்றர் வரை நீளும். முழு மலையையும் ஒரு படத்தில் அடக்கிய அதே கமரா, விரலால் ஒரு நெம்புகோலைத் தள்ளியதும் அம்மலையின் உச்சியிலுள்ள கோயிற் கலசத்தைப் படம் முழுதும் நிறைத்துக் காட்டும். சந்திரனின் குழிகளையும் காட்டும். இவ்வளவும் செய்யும் கருவியின் எடை 900 கிராம். 2018இல் வந்த பி 1000 இன்னும் ஒருபடி மேலே போய் 3000 மில்லிமீற்றரைத் தொட்டது, எடையும் 1.4 கிலோகிராமாக உயர்ந்தது.

இத்தனை நீளத்தை இத்தனை சிறு உடலில் எவ்வாறு அடக்கினர் என்று கேட்டல் வேண்டும். விடை கமராவின் உள்ளே இருக்கிறது. பிலிமின் இடத்தில் ஒளியை ஏற்கும் ஒளியுணரி என்ற தகடு, பி 900இல் ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் நீளமும் நாலரை மில்லிமீற்றர் அகலமும் உடையது. சிறுவிரல் நகத்தினும் சிறியது. டி 90இன் தகடு 23.6 மில்லிமீற்றருக்கு 15.8 மில்லிமீற்றர். பரப்பளவில் இது அதனைப் போல ஏறத்தாழ 13 மடங்கு. தகடு சிறிதாயிருப்பதால், மெய்யாக 357 மில்லிமீற்றர் மட்டுமே உள்ள வில்லை, 2000 மில்லிமீற்றர் வில்லை காட்டும் குறுகிய காட்சியைத் தந்துவிடுகிறது. அந்தச் சிறுமைதான் அதன் வலிமை. அதுவேதான் அதன் குறையும்.

மழை பெய்யும்போது லயத்து முற்றத்தில் ஒரு தாம்பாளத்தையும் ஒரு சிறு கிண்ணத்தையும் வைத்துப் பாருங்கள். இரண்டின்மேலும் விழுவது ஒரே மழைதான். ஆனால் தாம்பாளத்தில் சேரும் நீர் வேறு. கிண்ணத்தில் சேரும் நீர் வேறு. அடைமழையில் இரண்டும் நிறைந்துவிடும். வேறுபாடு எவர் கண்ணுக்கும் படாது. தூறலிலேதான் கிண்ணத்தின் நிலை தெரியவரும். கமராவுக்கு ஒளியே மழை. நண்பகல் வெயிலில் பி 900 எடுத்த படத்தையும் டி 90 எடுத்த படத்தையும் அஞ்சலட்டை அளவில் அச்சிட்டு அருகருகே வைத்தால், எது எதனுடையது என்று சொல்லத் தேர்ந்தவரும் தயங்குவர்.

ஆனால் தோட்டத்து வாழ்க்கையில் படம் பிடிக்கத் தக்க கணங்கள் நண்பகலில் நிகழ்கின்றனவா? விடிவதற்குள் அடுப்பு மூட்டும் லயத்து அறையை எண்ணிப் பாருங்கள். ஒரு கதவு, சாளரம் ஒன்று இருந்தால் உண்டு, புகை படிந்த சுவர், ஒற்றை மின்குமிழ். பூப்பெய்திய பெண்ணுக்குத் தாய்மாமன் மாலையிடுவதும், பிறந்த குழந்தையைப் பாட்டி மடியில் ஏந்துவதும் அங்கேதான். மாசி மாதத்தில் நிகழும் காமன் கூத்தை எடுத்துக்கொண்டால், காமன் எரியும் காட்சி இரவிலே. அருச்சுனன் தபசில், அருச்சுனன் வேடம் பூண்டவர் உயர்ந்த கம்பத்தின்மேல் ஏறுவதும் இரவு ஆட்டத்தின் ஒரு பகுதியே. தப்பின் ஓசைக்கு நடுவே, தீப்பந்த வெளிச்சத்தில் அசைந்துகொண்டேயிருக்கும் முகங்கள் அவை. அங்கே கமராவின்மேல் விழுவது தூறல் மட்டுமே.

டி 90இல் 50 மில்லிமீற்றர் நீளமும் 1.8 என்ற துவார அளவும் கொண்ட சிறு வில்லையைப் பொருத்தலாம். நிக்கோன் வில்லைகளுள் விலை குறைந்தவற்றுள் ஒன்று இது, கைக்குள் அடங்கும். துவார எண் குறையக் குறைய வாயில் அகலும் என்பது கணக்கு. பி 900இன் வில்லை மிக அகலத் திறந்தாலும் 2.8க்கு மேற் போகாது. தொலைக் கோடியில் 6.5 ஆகச் சுருங்கிவிடும். வாயிலின் அகலத்தையும் தகட்டின் பரப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால், அதே இமைப்பொழுதில் டி 90 சேர்க்கும் ஒளி, பி 900 சேர்ப்பதைப் போல ஏறத்தாழ 30 மடங்கு. பின்வந்த தகடு கிடைத்த ஒளியைச் சற்றுத் திறமையாகப் பயன்படுத்தும் என்பது மெய்யே. அதனால் இடைவெளி குறையுமேயன்றி மறையாது. இருட்டில் பி 900 தரும் படத்திலே முகத்தின் தோல், மணல் தூவியதுபோலப் பொரிந்து கிடக்கும். அப்பொரியை நீக்கக் கமரா தானே முயல்வதால் கண்ணிமையும் மயிரிழையும் மெழுகினாற்போல் மழுங்கிப்போகும். மேலும், பி 900 தான் சமைத்த படத்தை மட்டுமே கொடுக்கும். டி 90 சமைக்காத மூலப்பதிவையும் கொடுக்கும். பின்னர் கணினியில் இருந்து பொறுமையாக இருளை ஏற்றவும் இறக்கவும் அதிலே இடம் உண்டு.

அசைவன பற்றியும் ஒரு சொல். டி 90இன் கண்ணாடித் துளையில் தெரிவது, ஆடியிற் பட்டு வரும் மெய்யான காட்சி. பி 900இல் தெரிவது சிறு திரையில் ஓடும் காட்சி. அது ஒரு கண நேரம் பிந்தியே வரும். விரைவாகத் தொடர்ந்து எடுத்தால் 7 படங்களுக்குப்பின் அது மூச்சு வாங்க நின்றுவிடும். பாலத்தின்மேல் மெல்ல ஊர்ந்து வரும் புகையிரதத்துக்கு இதனால் தீங்கில்லை. பாடசாலை விளையாட்டுப் போட்டியில் கயிற்றைத் தொடும் சிறுமிக்குத் தீங்கு உண்டு.

இதுவரை சொன்னதைக் கேட்டு, பிரிட்ஜ் கமராவைத் தள்ளிவிட வேண்டும் என்று எவரும் முடிவு செய்துவிடலாகாது. ஊவாவின் மலைக்காடுகளிலே, நீல உடலும் செம்பழுப்புத் தலையும் சிவந்த அலகும் உடையதாய், இலங்கை தவிர வேறெங்கும் இல்லாத காக்கைக் குலப் பறவையொன்று வாழ்கிறது. அதன் அருகே செல்ல முடியாது. அடுத்த மரத்துக்குப் பறந்துவிடும். டி 90இல் 70 முதல் 300 வரையுள்ள வில்லையைப் பொருத்தினாலும் கிடைக்கும் எட்டம் 450 மில்லிமீற்றரே. அந்தப் படத்தை வெட்டிப் பெருக்கி 2000 மில்லிமீற்றர்க் காட்சிக்குக் கொண்டுவந்தால், அதன் 12 மெகாபிக்சலில் ஒரு மெகாபிக்சல்கூட மிஞ்சாது. டி 90ஐ அந்த எட்டத்துக்குக் கொண்டுசெல்லும் வில்லையின் விலையோ, ஒரு தோட்டக் குடும்பம் எண்ணிப் பார்க்கக்கூடியதன்று. அப்புத்தளையிலோ ஒஹியவிலோ பயணிகளுக்குப் பறவை காட்டிப் பிழைக்க எண்ணும் இளைஞனுக்கு பி 900 போன்றதே ஏற்றது. அவனும் இரண்டை நினைவிற் கொள்ளல் வேண்டும். தம்பேத்தனைத் தோட்டத்தின் லிப்டன் இருக்கையில் நின்று கீழ்நாட்டைப் பார்த்தால், கமராவுக்கும் காட்சிக்கும் நடுவே பல கிலோமீற்றர்க் காற்று நிற்கிறது. வெயில் ஏறியதும் அக்காற்று நெளியும், மேகமும் ஏறும். எந்த வில்லையும் அதனை ஊடுருவாது. விடிந்து ஓரிரு மணி நேரமே தொலைக் காட்சிக்கு உகந்தது. மற்றது கை நடுக்கம். கமராவினுள் நடுக்கம் தணிக்கும் பொறி இருந்தாலும், மிக நீண்ட சூமில் முக்காலியோ ஒரு மதகின் விளிம்போ துணையாக வேண்டும்.

தொலைநோக்கும் கமராவுக்கு இன்னொரு பயன் உண்டு. அது பலர் எண்ணாதது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லந்தை, மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்சரிவில் மூடுண்ட செய்தியை ஊவா மக்கள் மறந்திலர். சரிவதற்கு முன் மலை சில அறிகுறிகளைக் காட்டுவதுண்டு: நிலத்தில் வெடிப்பு, சாயும் மரங்கள், புதிதாய்த் தோன்றும் ஊற்று, திடீரெனக் கலங்கும் நீர். ஐயத்துக்குரிய சரிவின் அருகே சென்று பார்ப்பது ஆபத்து. எதிர் மலையில் ஓரிடத்தைக் குறித்துக்கொண்டு, அதே இடத்தில் நின்று, அதே சூம் அளவில், மாதம் ஒருமுறை படம் எடுத்து வைத்தால், மரம் சாய்ந்ததும் மண் வெளுத்ததும் முன்படத்தோடு ஒப்பிட்டவுடன் தெரியும். அப்படங்களைக் கிராம சேவையாளரிடமோ தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடமோ காட்டலாம். அது நிபுணரின் ஆய்வுக்கு ஈடாகாது என்றாலும், வெறும் வாய்ச்சொல்லைவிட எடையுள்ளது. தோட்டத்துப் பாடசாலை ஒன்று ஒரு கமரா வாங்குமாயின், இந்த ஒரு பயனுக்காகவே பிரிட்ஜ் கமராவை வாங்கலாம்.

ஆனால் மனிதரைப் படம் பிடிக்கும்போது இந்த நீண்ட பார்வை வேறொன்றாய் மாறிவிடுகிறது. வீதியோரத்தில் வாகனத்தை நிறுத்தி, எதிர்ச் சரிவிலே கொழுந்தெடுக்கும் பெண்ணின் முகத்தை, அவளுக்குத் தெரியாமலே முழுப்படமாக இழுத்து எடுத்துச் செல்வது இன்று எவர்க்கும் எளிது. தேயிலைப் பெட்டியிலும் விளம்பரத்திலும் தோட்டத்துப் பெண்ணின் உருவம் நெடுங்காலமாக உலகம் சுற்றி வருகிறது. அவ்வுருவங்களிற் பல, அவள் வீட்டுச் சுவருக்கு ஒருபோதும் வந்து சேர்ந்தவையல்ல.

கோல்புறூக் கமரன் சீர்திருத்தம் பற்றிப் பாடசாலையிற் படித்தவர்கள் 1833ஆம் ஆண்டை நினைவு கூர்வர். அந்தக் கமரனின் மனைவியார் யூலியா மார்கரெட் கமரன், உலகப் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாப் பகுதித் தோட்டமொன்றில் காலமானார்; பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார். ஈரக் கண்ணாடித் தகட்டிலே படம் பதித்த காலம் அது. எதிரே இருப்பவர் பல விநாடிகள் அசையாதிருக்க வேண்டும். எனவே அவருக்குத் தெரியாமல் எடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் எஞ்சிய சில படங்களிலே உழைக்கும் எளிய மக்கள் நேருக்கு நேர் இருக்கின்றனர். ஆயினும் அவர்களிற் பெரும்பாலோரின் பெயர் அப்படங்களோடு எழுதப்படவில்லை. கிட்ட நின்றால் மட்டும் போதாது என்பதற்கும் அவையே சான்று.

50 மில்லிமீற்றர் வில்லையுள்ள டி 90 ஒளிந்து நிற்க இடம் தராது. முகம் படத்தை நிறைக்க வேண்டுமானால், எடுப்பவர் இரண்டு மூன்று முழத் தொலைவுக்கு வந்தாக வேண்டும். வந்தால் பேச வேண்டும்; பெயர் கேட்க வேண்டும்; படத்தின் பிரதியொன்று தருவதாகச் சொல்லவும் வேண்டும். தோட்டத்திலேயே பிறந்து, அங்குள்ளோரை அத்தை என்றும் மாமா என்றும் அழைத்து வளர்ந்த இளைஞனுக்கு இது தடையன்று; வெளியூரார் எவருக்கும் இல்லாத முதல் அது. அவன் சடங்கும் கலியாணமும் கூத்தும் எடுக்கப் போகிறவனாயின், தயங்காது பழைய டி.எஸ்.எல்.ஆர். கமராவையே வாங்கலாம். 2018இல் நிக்கோன் ஆடியில்லாக் கமராக்களின் புது வரிசையைத் தொடங்கியபின், பழைய ஆடிக் கமராக்களைப் பலர் கைவிட்டனர். அந்தப் புறக்கணிப்பு ஏழைக்கு வாய்த்த நன்மை.

வாங்குமுன் சிலவற்றைச் சோதித்தல் அவசியம். டி 90இன் மூடி ஒரு இலட்சம் முறை இயங்கத் தக்கதாகச் சோதிக்கப்பட்டது. இதுவரை எத்தனை முறை இயங்கியது என்பதைப் படக் கோப்பிலிருந்து கணினி வழி அறியலாம். ஊவாவின் மூடுபனியும் மார்கழி மழையும் வில்லையினுள் பூஞ்சணம் படர ஏதுவானவை. வில்லையைக் கழற்றி, பின்புறமிருந்து கைவிளக்கின் ஒளியைப் பாய்ச்சி, முன்புறமாகச் சாய்த்துப் பார்த்தால், சிலந்தி நூல் போன்ற கிளைகள் தெரியும். தெரிந்தால் அவ்வில்லையை விட்டுவிட்டு வேறொன்று தேடலாம். பிரிட்ஜ் கமராவில் வில்லை கழலாது. முன்புறமாகவே ஒளியைப் பாய்ச்சிப் பார்க்க வேண்டும். சூம் நீண்டு சுருங்கும்போது உள்ளே இழுக்கப்பட்ட தூசியும் அப்போது தெரியும். அதனைத் துடைக்க வீட்டில் வழியில்லை. எதை வாங்கினாலும், மூடி இறுகும் பிளாத்திக்குப் பெட்டியொன்றில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொதிகள் இரண்டோடு வைத்து, அப்பொதிகளை அவ்வப்போது மாற்றி வருதல் நன்று. தோலுறையில் இட்டு அலுமாரிக்குள் பூட்டி வைத்தால் பூஞ்சணம் விரைவிற் பிடிக்கும்.