நள்ளிரவு ஜெபமும் இல்லறமும்: கருத்தரங்கத் தலைமை உரை



எனக்கு முன் இந்த இருக்கையில் அமர்ந்தவர்களில் என் ஆசிரியர்களும் உண்டு. அந்த நினைவு பெருமையைத் தருகிறது. கூடவே சற்று நடுக்கத்தையும் தருகிறது. என்னை நம்பி இப்பொறுப்பைத் தந்த அமைப்புக் குழுவினருக்கு என் மனமார்ந்த நன்றி.

‘கிறிஸ்தவ மணவாழ்வில் இணைந்த ஜெபமும் விசுவாசமும்’ என்பது இம்முறை நாம் எடுத்துக்கொண்ட பொருள். அதன் அடிப்படைகளை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஜெபத்துக்காகத் தம்பதியர் ஒத்த மனதோடு சிறிது காலம் விலகியிருக்கப் பவுல் இடம் தருகிறார். மனைவியைக் கனம்பண்ணாத கணவனின் ஜெபம் தடைபடும் என்கிறது 1 பேதுரு 3:7. தோபித்து நூலில் தோபியாவும் சாராவும் மணவறையிலேயே ஜெபிக்கிறார்கள். லூத்தரின் 1529ஆம் ஆண்டுச் சிறு ஞானோபதேசம் காலை மாலை ஜெபங்களை வீட்டாருக்குக் கற்பிக்கும் கடமையைக் குடும்பத் தலைவனிடம் தருகிறது. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்றது. 1981இல் போப் இரண்டாம் யோவான் பவுல் கணவனும் மனைவியும் சேர்ந்து செய்யும் ஜெபத்தைக் குடும்ப ஜெபத்தின் முதல் இயல்பாக வைத்தார். இவற்றையெல்லாம் பின்வரும் அமர்வுகள் விரிவாகப் பேசும்.

உளவியல் துறையிலிருந்தும் கட்டுரைகள் வந்துள்ளன. ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் ஃபிஞ்சமும் அவர் குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வுகள், துணைவருக்காக ஜெபிப்பது மன்னிக்கும் மனதை வளர்க்கிறது என்று காட்டின. அவற்றில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள் என்பதை மறவாமல் மேற்கோள் காட்டுங்கள். சேர்ந்து ஜெபிக்கும் ஆயிரத்துச் சொச்சம் தம்பதியரில் ஒரு ஜோடிதான் பிரிகிறது என்று கூட்டந்தோறும் சொல்லப்படும் எண்ணை மட்டும் யாரும் இங்கே கொண்டுவர வேண்டாம். கணக்கெடுத்த முறை முன்வைக்கப்படாத எண்ணுக்கு ஆய்வரங்கில் இடமில்லை.

இனி என் மனதில் உள்ளதைப் பேச அனுமதி தாருங்கள். ஆதித் திருச்சபையில் தம்பதியர் ஜெபம் என்றதும் நாம் அனைவரும் ஒரே நூலை எடுக்கிறோம்: கார்த்தேஜ் நகரத் தெர்த்துல்லியன், இரண்டாம் நூற்றாண்டு முடிந்து மூன்றாம் நூற்றாண்டு பிறந்த காலத்தில், தம் மனைவிக்கு எழுதிய இரண்டு புத்தகங்கள். இரண்டாவதன் முடிவில் ஒரே விசுவாசம் கொண்ட தம்பதியர் சேர்ந்து ஜெபித்து, சேர்ந்து உபவாசமிருந்து, ஒருவரையொருவர் தேற்றி வாழும் அழகை அவர் தீட்டுகிறார். நம் திருமணப் பிரசங்கங்களுக்கு அதுவே ஊற்று. அதன் அழகை நானும் மதிக்கிறேன்.

ஆனால் அது எதற்காக எழுதப்பட்டது? தம் மறைவுக்குப் பின் மனைவி மறுமணம் செய்ய வேண்டாம் என்பது முதல் புத்தகத்தின் வேண்டுகோள். அப்படியே செய்தாலும் கிறிஸ்தவனையே மணக்க வேண்டும் என்பது இரண்டாவதன் வாதம். அந்த வாதத்துக்காகப் புறமதத்துக் கணவனோடு வாழும் பெண்ணின் வீட்டையும் அவர் காட்டுகிறார். அவள் உபவாசமிருக்கும் நாளில் அவன் விருந்து வைக்கிறான். பாஸ்கா இரவு விழிப்புக்கு அவளை அனுப்பத் தயங்குகிறான். படுக்கையிலும் உடலிலும் அவள் சிலுவை அடையாளம் இடும்போது மாந்திரீகமோ என்று சந்தேகிக்கிறான். இருண்ட அந்த வீட்டை முதலில் காட்டியதால்தான் முடிவில் வரும் வீடு அவ்வளவு ஒளிர்கிறது. வழக்கறிஞனின் திறமை தெரியும் நூலை நாம் ஊர்க் கணக்கெடுப்பு போலப் படித்துவருகிறோம். ‘விசுவாசம் ஒன்றானால் ஜெபம் உண்டு, இல்லையேல் இல்லறமே குறைப்பட்டது’ என்ற முடிவு அப்படித்தான் நம் பாடநூல்களுக்குள் நுழைந்தது.

இதற்கு எதிரில் நான் வைக்கும் சான்று ‘அப்போஸ்தலிக்க மரபு’ எனப்படும் திருச்சபை ஒழுங்கு நூலின் 41ஆம் அதிகாரம். ஜெப நேரங்களை வரிசையாகச் சொல்லிவரும் அந்த அதிகாரம் நள்ளிரவுக்கு வருகிறது. விசுவாசி படுக்கையைவிட்டு எழுந்து, தண்ணீரில் கைகழுவி, ஜெபிக்க வேண்டும். மனைவி உடனிருந்தால் இருவரும் சேர்ந்து ஜெபிக்க வேண்டும். அவள் இன்னும் விசுவாசத்துக்கு வராதவளாயின், அவன் வேறோர் அறைக்குப் போய் ஜெபித்துவிட்டு மறுபடியும் தன் படுக்கைக்குத் திரும்ப வேண்டும். அடுத்தபடியாக, மணவாழ்வில் இருப்பவர்கள் தீட்டுப்பட்டவர்கள் அல்லர், ஆகவே ஜெபிக்கத் தயங்க வேண்டாம் என்று நூல் தெளிவுபடுத்துகிறது. அந்த வேளையில் விண்மீன்களும் மரங்களும் நீர்நிலைகளும் ஒரு கணம் அசைவற்று நின்று ஆண்டவரைத் துதிக்கின்றன என்பதே அந்நேர ஜெபத்துக்கு அது சொல்லும் காரணம்.

முந்தைய கருத்தரங்கு ஒன்றில் இச்சான்றை நான் முன்வைத்தபோது நண்பர்கள் இருவர் இரண்டு தடைகளை எழுப்பினார்கள். இருவரும் இன்று அவையில் இருக்கிறார்கள். அவர்களது புலமையை மதித்தே மறுமொழி சொல்கிறேன்.

முதல் தடை நூலின் நம்பகத்தன்மை பற்றியது. ரோமாபுரி இப்போலித்து ஏறத்தாழ 215இல் எழுதியது என்ற பழைய துணிபை, 2002இல் பிராட்ஷா, ஜான்சன், பிலிப்ஸ் மூவரும் எழுதிய விளக்கவுரை அசைத்துவிட்டது. இது ஒரே ஆசிரியரின் நூலன்று, பல கைகளில் வளர்ந்த தொகுப்பு என்ற அவர்களது வாதத்தை ஏற்கிறேன். அதனால் இந்த விதியின் மதிப்பு குறைவதில்லை, கூடுகிறது. ஹவுலர் 1900இல் பதிப்பித்த வெரோனா நகரத்து லத்தீன் ஏட்டில் இந்த நள்ளிரவு விதி இருக்கிறது. கோப்து மொழியின் சாகிதிக் பெயர்ப்பில் இருக்கிறது. அரபு, எத்தியோப்பியப் பெயர்ப்புகளிலும் இருக்கிறது. தெர்த்துல்லியனின் வார்த்தை ஒரு மனிதரின் வாதம். இதுவோ, மொழி கடந்தும் நாடு கடந்தும் சபைகள் தங்களுக்கு வேண்டுமென்று படியெடுத்துக் காத்த ஒழுங்கு. விசுவாசத்தில் பிரிந்த தம்பதியர் எங்கும் இருந்தார்கள். சபைகள் அவர்களை மறக்கவில்லை.

இரண்டாம் தடை இன்னும் கூர்மையானது. வேறு அறைக்குப் போகச் சொல்வது மனைவியை ஒதுக்குவதுதானே என்று கேட்டார்கள். அதே நூலின் 18ஆம் அதிகாரத்தைச் சேர்த்துப் படியுங்கள். ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாவோர் சபையில் விசுவாசிகளோடு சேராமல் தனியாக ஜெபிக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அவர்களை யாரும் ஒதுக்கப்பட்டவர்கள் என்று சொல்வதில்லை, வரவிருப்பவர்கள் என்கிறோம். சபையில் அவர்களுக்குள்ள இடமே வீட்டில் இந்த மனைவிக்கும் கிடைக்கிறது. கணவன் படுக்கைக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் விதி சொல்லாமல் விடவில்லை. ஜெபம் அவனை மனைவியிடமிருந்து பிரித்துவிடக் கூடாது என்ற கவலை அதில் தெரிகிறது. விசுவாசியல்லாத துணைவரும் பரிசுத்தமாக்கப்படுகிறார் என்ற 1 கொரிந்தியர் 7:14இன் போக்கோடு இது முழுக்க ஒத்துப்போகிறது.

இந்த விதியின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அது கணவனை நோக்கிப் பேசுகிறது. யாரிடமும் கேட்காமல் இன்னோர் அறைக்குப் போகும் உரிமை அவனுக்கு இருந்தது. தெர்த்துல்லியன் காட்டும் பெண்ணுக்கு அது இல்லை. அடுக்குக் குடியிருப்பில் ஒற்றை அறையில் வாழ்ந்த ரோமாபுரி ஏழைக்கு இன்னோர் அறையே கிடையாது. இவை தனித்தனி ஆய்வுக்குரியவை. இளைய ஆய்வாளர்கள் யாரேனும் எடுத்துச் செய்ய வேண்டும்.

இரு நூல்களுக்கும் நடுவில் நின்ற ஒரு வீட்டையும் நாம் அறிவோம். தகஸ்தேயில் வாழ்ந்த மோனிக்காவின் கணவர் பத்ரீசியு, வாழ்நாளின் கடைசிக் கட்டத்தில்தான் ஞானஸ்நானம் பெற்றார். அதுவரை அந்த மணவாழ்வின் பெரும்பகுதி பொது விசுவாசம் இல்லாமலே கழிந்தது. மகன் அகுஸ்தீன் அதைக் குறைப்பட்ட இல்லறம் என்று தள்ளவில்லை. தம் ‘அறிக்கைகள்’ நூலின் ஒன்பதாம் புத்தகத்தை முடிக்கும்போது, தாயையும் தந்தையையும் சேர்த்தே திருப்பலி பீடத்தில் நினைவுகூரும்படி வாசகர்களை வேண்டுகிறார். அந்தத் தம்பதியருக்குத் திருச்சபையின் ஜெபத்தில் ஒரே இடம் கிடைத்தது.

சேர்ந்து ஜெபிப்பது எளிதாக அமையும் வீடுகளை மட்டும் வைத்துக் கிறிஸ்தவ இல்லறத்தை வரையறுப்பது ஆதித் திருச்சபையின் வழக்கம் அன்று, தெர்த்துல்லியனின் வழக்கம். இணைந்த ஜெபம் மணவாழ்வுக்குப் பெரும் கொடை என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அது மணவாழ்வை அளந்து தள்ளும் கோலாக மாறினால் தன் பணியையே இழக்கிறது. நம் சபைகளில் ஞாயிறுதோறும் தனியாக வந்து தனியாகத் திரும்பும் மனைவியர் எத்தனையோ பேர். இரவில் வீட்டார் உறங்கியபின் சமையலறையில் முழங்காலிட்டு, கணவனுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் மன்றாடுபவர்கள் அவர்கள். அவர்களை நோக்கி ‘உங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் உண்டா?’ என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளும் ஆயர், அந்தப் பழைய சபைகள் காட்டிய பரிவில் பாதியைக்கூடக் காட்டவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. கட்டுரையாளர்களே, தெர்த்துல்லியனின் முடிவுரையை எடுத்தாளும் இடந்தோறும் 41ஆம் அதிகாரத்தையும் அருகில் வைத்துப் படியுங்கள். ஆயர்களே, திருமண ஆயத்த வகுப்புகளில் ஒரே விசுவாசத் தம்பதியருக்குச் சேர்ந்து ஜெபிக்கக் கற்றுக்கொடுக்கும் அதே அக்கறையோடு, விசுவாசத்தில் பிரிந்திருப்பவர்களுக்கும் ஒரு ஜெப ஒழுங்கை எழுதித் தாருங்கள். பழைய சபைகள் அதைச் செய்தன. நாமும் செய்ய வேண்டும்.